அண்ணி வெட்டிய வாய்க்கால்

குளியலறையின் பின்சுவரில் அண்ணி உளி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிப் போய், மாலைவரை ஷூ தைத்துவிட்டு வருகிறவர். ஓய்வெடுக்கக் கிடைத்த ஒரே நாளையும் சுவரோடு செலவழிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மா, அண்ணி, நான் என்று மூன்று பேர் மிஞ்சியிருந்தோம்.

எங்கள் கிணற்று நீர் தோல் தொழிற்சாலைக் கழிவால் எப்போதோ கெட்டுவிட்டது. வாளியில் பிடித்து வைத்தால் மேலே பழுப்பாக ஏடு படியும். அதை ஊற்றிய செடி எதுவும் பிழைத்ததில்லை. நாலு நாளுக்கு ஒரு முறை குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும்தான் போதும். குளித்தபின் அது தெருக் காவாயில் கலந்து வீணாவதை அண்ணியால் பொறுக்க முடியவில்லை. சுவருக்கு வெளியே ஒரு குழி வெட்டி, அடியில் ஜல்லியும் மேலே மணலும் நிரப்பினார். அங்கிருந்து கொல்லைக்கு வாய்க்கால் இழுத்தார். குழியை ஒட்டி நாலு வாழை, வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு எலுமிச்சை. துணிக்குப் போடும் பவுடரைப் பாதியாகக் குறைத்தார். மாதம் ஒரு முறை மேல் மணலை அள்ளிப் புதிதாகப் போட்டார். முதல் வாழை குலை தள்ளியபோது அம்மா நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது டேனரியில், பச்சைத் தோலை உப்பும் சுண்ணாம்பும் போட்டு ஊறவைக்கும் பிரிவில் இருந்தேன். அண்ணன் செய்த அதே வேலை. செடி வைத்த மறுநாள் மாலை வீடு திரும்பியபோது அண்ணி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பி, நீ மட்டும் முன்னாடி காவாய் ஓரமா குளிச்சிடு. உன் துணியும் அங்கயே அலசிடு. இந்தப் பக்கம் வாணாம்."

தோல் நாற்றத்துக்காக டீக்கடையில் ஆட்கள் தள்ளி உட்கார்வதை நான் அறிவேன். எங்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும் தெரியும். சொந்த வீட்டிலும் அப்படியா என்று நெஞ்சு கொதித்தது. "என் உடம்பு பட்ட தண்ணி உங்க செடிக்கு ஆவாதா?" என்றேன். அண்ணி வாளியையும் செம்பையும் காவாய் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்க, அந்தக் காவாய் ஓரத்தில் பல மாதம் குளித்தேன்.

ஒரு கோடையில் மனசு முறுக்கிக்கொண்டது. அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, என் வேலைத் துணிகளைக் குளியலறையிலேயே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டேன். இரண்டு வாரம் தொடர்ந்து செய்தேன். வாழை இலைகள் ஓரத்தில் கருகின. எலுமிச்சை பிஞ்சுகளை உதிர்த்து, பிறகு இலைகளையும் உதிர்த்து, வெறும் முள்ளாக நின்றது. அண்ணி அதன் அடியில் உட்கார்ந்து மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்ததைக் கண்டதும் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நான்தான் அண்ணி" என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணை உதறினார். "தெரிஞ்சுபோச்சுப்பா. தோலுக்குப் போடற உப்பும் சுண்ணாம்பும் மண்ணுல எறங்கக் கூடாதுன்னுதான் உன்ன அங்க அனுப்பினேன். செடி போனா வேற வெச்சிக்கலாம். உங்கண்ணன் கை வெந்து வெந்து தோல் உரிஞ்சிச்சே, அப்புறம் மூச்சு விட முடியாம கெடந்தாரே, அதத்தான் நெனச்சேன். உன் துணி தண்ணிய வாழையே தாங்கலன்னா, உன் உடம்பு இன்னா கதியாவும்? இதச் சொன்னா வேலைய உட்டுட்டு வீடு எப்படி நடக்கும்னு கேப்ப. அதான் அன்னிக்கு வாயத் தொறக்கல."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் உடனே அந்த வேலையை விடவில்லை. இன்னும் இரண்டு வருடம் போனேன். ஆம்பூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இடம் கிடைத்த பிறகுதான் விட்டேன். கடைசி நாள் வேலை முடிந்து வந்து, பழக்கத்தில் காவாய்ப் பக்கம் திரும்பினேன். குளியலறையில் அண்ணி வெந்நீர் எடுத்து வைத்திருந்தார். "இனிமே உள்ளயே குளி" என்றார். நான் குளித்து முடிக்கிறவரை வெளியே மண்வெட்டியோசை கேட்டுக்கொண்டிருந்தது. புதிய எலுமிச்சைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அண்ணி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. பெண்கள் குளியலறையின் பின்சுவரோரம் சேலையை மறைப்பாகப் பிடித்து அவரைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் குழியை நோக்கி ஓடியதைக் கண்டு, உறவுக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார்.

"சாவுத் தண்ணி செடிக்குப் போவக் கூடாது. காவாய்க்குத் திருப்பி உட்றேன்."

நான் குறுக்கே நின்றேன். "வாணாம் மாமா. அவங்கள வெளிய அனுப்ப வாணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார். மணலில் இறங்கிய நீர் ஜல்லியைக் கடந்து, வாய்க்காலில் தெளிவாக ஊர்ந்து எலுமிச்சையிடம் போய்ச் சேர்ந்தது.