கார்டுக்கு வைத்த சந்தனம்

தம்பியின் காருக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் தவணையைக் கட்டாமல் விட்டதில் கெட்டது என் பெயர். சிம்பாங் பூலாயில் வீடு வாங்கக் கேட்ட கடன் கிடைக்கவில்லை. வங்கியில் இருந்த தமிழ்ப் பெண் ஒரு வழி சொன்னார்.

“சின்னதா ஒரு கிரெடிட் கார்டு எடுங்க அக்கா. வட்டி அதிகம்தான். பெட்ரோலுக்கு மட்டும் தேய்ச்சி, பில் வந்ததும் முழுசா கட்டிடுங்க. பேரு மெல்ல சரியாகிடும்.”

அப்படியே செய்து வந்தேன். ஆயுத பூசையன்று கார் சாவியோடு அந்தக் கார்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

மறுநாள், லகாட்டிலிருந்து வந்த நாத்தனாரோடு ஈப்போவில் நகைக்கடைக்குப் போனேன். அவள் ஒரு சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணி, உங்க கார்ட தேய்ங்க. மாசாமாசம் கொடுத்திடுறேன் லா” என்றாள். நாத்தனாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுத் தீபாவளி கொண்டாட முடியுமா? கொடுத்தேன்.

இயந்திரம் கார்டை ஏற்கவில்லை. கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். “சிப்புல சந்தனம் காஞ்சி கிடக்கு அக்கா. தொடைச்சா சரியாகிடும்” என்று துணியை எடுத்தார்.

“சாமிக்கு வச்சத தொடைக்காதீங்க அண்ணே” என்று சட்டென்று வாங்கிப் பைக்குள் போட்டேன். நாத்தனார் சங்கிலியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் நல்லவள்தான். ஆனால் அவளுடைய மாசாமாசம் வங்கி சொல்லும் தேதிக்கு வராது. வட்டியும் என் தலையில் விழும், பெயரும் மறுபடி கெடும்.

வீட்டுக்கு வந்து நானே துடைத்தேன். இப்போதெல்லாம் உறவினரோடு கடைக்குப் போகும்போது கார்டைச் சாமி மேடையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கேட்டால் அதையே சொல்கிறேன். போய் எடுத்து வா என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

- ஜெலாப்பாங் வாசகி