நாலு திட்டுக்குப் பயந்து...

போன வாரம் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போயிருந்தேன். நண்பர் ஆரோக்கியம் கூப்பிட்டார். இயற்பியல் ஆராய்ச்சியாளர். அவருடைய பள்ளித் தோழர் பொன்னுசாமி அங்கே சாமை பயிரிடுகிறார்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப். வழியெல்லாம் ஆரோக்கியம் தன் வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். வெடிமருந்தில் நைட்ரஜன் அடர்த்தியாக இருக்குமாம். அதற்கென்று ஒரு குறிப்பிட்ட சக்தியுள்ள காமா கதிரைப் பெட்டிக்குள் அனுப்பினால், நைட்ரஜன் அதை விழுங்கிவிடும். மறுபக்கம் வரும் கதிர் குறைகிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே வெடி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்!

நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

பொன்னுசாமி வீடு இழவு வீடு போல இருந்தது. சில நாள் முன்புதான் கறவை மாட்டைப் புதைத்திருந்தார்கள். காட்டுப்பன்றிக்காகப் பலாச்சுளைக்குள் வைத்த நாட்டு வெடி... மேயப் போன மாடு கடித்துவிட்டது. தாடை சிதறிப்போய், தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றதாம். குடிக்க வாய் இல்லை. பொன்னுசாமியின் மனைவி லட்சுமி உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி நாக்கில் விட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் போய்விட்டது. பால்குடி மறக்காத கன்று ஒன்று மிச்சம்.

வெடியை வைத்தது யார்? பொன்னுசாமியின் சொந்தத் தம்பி கேசவன். பன்றிகள் கேசவன் நிலத்துச் சாமையைப் பாழாக்கிவிட்டன. அண்ணனுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, பொன்னுசாமி நண்பரின் வேலையைப் பற்றி விசாரித்தார். ஆரோக்கியம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்த மிஷினு இங்கல்லாம் வருமா சார்?" என்று கேட்டார் லட்சுமி.

அது பெரிய இயந்திரம், இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை, வந்தாலும் விமான நிலையம், துறைமுகம் என்றுதான் போகும் — ஆரோக்கியம் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்த லட்சுமி நிமிரவில்லை.

"மிஷினு வாணாம் சார். 'அந்தப் பக்கம் மாடு ஓட்டாத அண்ணி'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நான் இன்னா, அவன போலீஸ்லயா புடிச்சிக் குடுத்துடப் போறேன்?"

அந்தப் பால் கேசவன் வீட்டு மாட்டுடையது. தினமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாராம். நாங்கள் கிளம்பும்போதும் வந்தார். லட்சுமி உள்ளே கூப்பிட்டார். கேசவன் பால் தூக்கை வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல் திரும்பி நடந்தார். அண்ணன் கூப்பிடவில்லை.

முன்பே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு திட்டு... அவ்வளவுதானே.