துரையின் சம்மதம்

என் அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்கும் ராட்சத கிரேன். அதன் உச்சியில் தொங்கும் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் தரையைப் பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். அங்கிருந்து லாரிகள் தீப்பெட்டிகளாகவும் மனிதர்கள் தீக்குச்சிகளாகவும் தெரிவார்கள். ஒருமுறை என்னையும் மேலே கூட்டிப்போனாள். கண்ணாடித் தரையில் ஒரு காலை வைத்த நான் அடுத்த காலை வைக்கவே இல்லை.

அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அக்கா ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவர் பல் துலக்கும்போதே பேசி முடித்துவிடுவார். வேனில் ஏறும் பிள்ளைகளோடு பேச்சு, சிக்னலில் நிற்கும் பக்கத்து வண்டிக்காரரோடு பேச்சு, யாரும் கிடைக்காவிட்டால் வண்டியோடு பேச்சு. குழந்தைகள் இல்லாத அந்தச் சின்ன வீட்டில் சத்தத்துக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை.

கிரேன் ஓடும் தண்டவாளத்தின் ஓரம் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருக்கும். அக்கா தினமும் இறங்கி வந்ததும் அதற்கு எதையாவது கொடுப்பாள். ஒரு நாள் அதைக் காணவில்லை. பிராணிகள் மீட்பு மையத்தார் வந்து பிடித்துப் போய்விட்டார்கள் என்று காவலாளி சொன்னார். எங்கே வைத்திருக்கிறார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்கா கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

சாம்பல் பூனைக்கு ஏற்கெனவே நல்ல வீடு கிடைத்துவிட்டது. அதைக் கேட்டுத் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மையத்தை நடத்தும் அம்மா எங்களை ஒரு அறை வழியாக வெளியே கூட்டிப்போனார். அந்த அறையில், கூரையை ஒட்டிய அலமாரித் தட்டில், மங்கலான ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய ஆண் பூனை படுத்திருந்தது. நாங்கள் நுழைந்ததும் முகத்தை எங்கள் பக்கம் திருப்பியது. அந்த முகத்தில் கண்கள் இல்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், தைத்து மூடிய இரண்டு மெல்லிய கோடுகள்.

"குட்டியா இருக்கும்போதே கண்ணு ரெண்டும் புண்ணாகி அழுகிப்போச்சு. எடுக்க வேண்டியதாயிடுச்சு" என்றார் அந்த அம்மா.

அக்கா தலையை நிமிர்த்தி நின்றாள். நாள் முழுக்கக் குனிந்து பார்த்தே பழகிய கழுத்து அது. பூனை காதுகளை மட்டும் அசைத்தது. ஒரு காது அக்காவின் பக்கம், மற்றது என் கைப்பையில் குலுங்கிய சாவியின் பக்கம்.

"இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறுச்சு?"

"எங்களுக்கும் தெரியாது. நாங்க பார்க்கிறப்ப மேலதான் இருக்கும்."

அக்கா அங்கேயே கேட்டுவிட்டாள், இதை நான் வளர்க்கலாமா என்று. அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே மாட்டேன் என்றார். குட்டையாக வெட்டிய தலைமுடி, உடுப்பெல்லாம் பூனை ரோமம், கண்டிப்பான பள்ளிக்கூட டீச்சரின் குரல். முன்பு மூன்று குடும்பங்கள் அந்தப் பூனையைக் கொண்டுபோய்த் திருப்பித் தந்துவிட்டனவாம். ஒரு வீட்டில் அடிக்கடி நாற்காலி மேசையை இடம் மாற்றினார்கள். பூனை முட்டி மோதி நொந்துபோனது. ஒரு வீட்டில் ஓயாமல் விருந்தாளிகள். மூன்றாவது வீட்டார், அது தங்களை நெருங்கவே இல்லை, பாசம் இல்லாத பிராணி என்றார்கள்.

"உங்களுக்குப் பூனை வேணும்னா வெளியே எத்தனையோ இருக்கு, தாராளமா பாருங்க. இது இனிமே போற வீட்டுலயிருந்து திரும்பி வரக் கூடாது."

"எனக்கு இதுதான் வேணும்."

"அப்ப நான் சொல்றதெல்லாம் செய்யணும்."

அவர் சொன்னது கொஞ்சநஞ்சம் இல்லை. வளர்க்கக் கேட்டவர் எல்லா இரவும் வீட்டில் இருக்க வேண்டும். பால்கனியை வலை போட்டு மூட வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை தானாக இறங்கி வந்து இவர்களில் ஒருவரைத் தொட வேண்டும். தூக்கக் கூடாது, தீனி காட்டி இழுக்கக் கூடாது.

அக்காவுக்கு அப்போது மாறி மாறி ஷிஃப்ட். துறைமுகத்துக்குப் புதிதாக வந்த கிரேனை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்ட எல்லோருக்கும் ஆசை. பகல் வேலை மட்டும் வேண்டுமென்றால் பழைய கிரேனுக்குத்தான் திரும்ப வேண்டும் என்றார் மேலாளர். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு பூனைக்காகவா? வேலையில இருக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம்..." என்று வாய் தவறி ஆரம்பித்தவர், அக்கா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வீட்டைச் சோதிக்க அந்த அம்மா வந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட நாங்கள் அப்படித் துடைத்துப் பெருக்கியிருக்க மாட்டோம். அவரோ சுத்தத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றினார், கண்களை மூடினார், கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி வீடு முழுக்கத் தவழ ஆரம்பித்தார். அத்தானுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த அம்மா கட்டிலுக்கு அடியில் போய், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கைவிட்டு, சமையலறைக் கதவிடுக்கைத் தடவி, கடைசியில் சாப்பாட்டு மேசையின் கூரான மூலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"இந்த மூலைக்குத் துணி சுத்துங்க" என்றார். நெற்றி சிவந்திருந்தது. அத்தானின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வீடு தேறிவிட்டது. பூனையின் சம்மதம்தான் மிச்சம்.

சனிக்கிழமைதோறும் அக்கா போய் அந்த அறையில் தரையில் உட்கார்ந்தாள். பூனை மேலே, அக்கா கீழே. ஒரு வார்த்தை பேச மாட்டாள். சத்தம் போட்டால் பயந்துவிடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பூனை காதை அசைக்கும், வாலை அசைக்கும், இறங்காது. வாரங்கள் போயின. வெளியே வேனில் காத்திருக்கும் அத்தான், அவள் வரும்போதெல்லாம் "என்ன, துரைக்கு இன்னிக்கும் மனசு வரலையா?" என்பார். அப்படித்தான் அதற்குத் துரை என்று பெயர் வந்தது.

எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்ததால் ஒரு சனிக்கிழமை அத்தானும் உள்ளே வந்தார். வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் பேச்சு தொடங்கிவிட்டது. வழியில் லாரி மறித்தது, வேனில் ஒரு பிள்ளை தன் காலணியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் பள்ளிக்குள் போனது, அதன் அம்மா தன்னைத் திட்டியது. அக்கா கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் நிறுத்தவில்லை.

மேலே இரண்டு காதுகளும் ஒரே பக்கம் திரும்பின.

துரை எழுந்து நின்றது. முன்னங்காலை நீட்டிக் கீழ்த்தட்டைத் தொட்டுப் பார்த்து இறங்கியது. அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. தரைக்கு வந்ததும் தயங்காமல் நேராக நடந்தது. அக்காவைக் கடந்தபோது அதன் வால் அவள் முழங்காலில் பட்டது, அது நிற்கவில்லை. அத்தானின் மடியில் ஏறி, ஒரு பாதத்தைத் தூக்கி, பேசிக்கொண்டிருந்த அவருடைய தொண்டையின் மேல் வைத்தது. நகம் வெளியே வரவில்லை. குரல் எங்கிருந்து வருகிறதோ சரியாக அந்த இடம்.

"பேசுங்க, நிறுத்தாதீங்க" என்றார் வாசலில் நின்ற அந்த அம்மா, மெதுவாக.

அத்தான் பேசினார். என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. அக்காவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தத்தின் சாயல்கூட இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் பிள்ளையைப்போல வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சில மாதங்கள் தற்காலிகம்தான், சரிப்படாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்ற நிபந்தனையோடு துரை வீட்டுக்கு வந்தது. முதல் நாள் மீசை சுவரில் உரசச் சுவரோரமாகவே நடந்தது. மறுநாள் கூடத்தின் நடுவே நடந்தது. அதற்கு மறுநாள் ஓடியது. ஃபிரிட்ஜின் மேல் ஒரே தாவலில் ஏறிப் படுத்தது. ஒரு மாலை விளக்கைச் சுற்றிய ஈசலை அந்தரத்தில் இரண்டு பாதங்களாலும் பிடித்துக் கீழே கொண்டுவந்தது. அக்கா எனக்குப் போன் செய்து, "நீ நம்ப மாட்டே" என்றாள். அதற்குப் பிறகு அவள் செய்த போன்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கின.

இப்படி இருக்கும்போது அத்தானின் குரல் கட்டியது. கட்டிய குரல் திறக்கவே இல்லை. தொண்டைக்குள் சின்னச் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம், ஆபத்தில்லை என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள். ஆனால் பல வாரங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. வேனை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அத்தான் வீட்டிலேயே இருந்தார்.

துரை அவரைத் தேட ஆரம்பித்தது. அவர் நாற்காலியில்தான் இருந்தார்; ஆனால் குரல் இல்லை, உடம்பில் மருந்து வாடை வேறு. குட்டி போட்ட பூனை மாதிரி என்று நாம் சும்மா சொல்கிறோம். குட்டியே போடாத ஆண் பூனை அப்படி அலைந்ததை நான் பார்த்தேன். வாசற்கதவின் முன் நின்று கத்தியது. பக்கத்தில் போனால் மிரளுமோ என்று அத்தான் கால் ஓசைகூட வராமல் நடந்தார், அசையாமல் உட்கார்ந்தார். அக்கா பழைய வீடியோ ஒன்றிலிருந்து அவர் பேச்சை ஓடவிட்டாள். துரை ஓடிவந்து, போனை முகர்ந்து, பாதத்தால் ஓர் அடி கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை.

சாப்பிடாவிட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பது மையத்தின் விதி. சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள். "ரெண்டு நாள் பொறுத்துப் பாரேன்" என்றேன் நான். அக்கா தலையசைத்து மறுத்தாள். "பட்டினி கிடக்கிறது நானா, அதுவா?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

அந்த அம்மா கூண்டுப்பெட்டியோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச காலம் நானே வைத்துக்கொள்கிறேன், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தார். "பிறகு" என்ற சொல்லின் எடை எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அத்தான் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், கையால் பொத்திக்கொண்டார். உலகத்தையே பேசிப் பேசிச் சமாளித்த மனிதர், பேச வேண்டிய ஒரே நேரத்தில் வாய் பேச முடியாமல் நின்றார்.

பிறகு மண்டியிட்டார். கண்களை இறுக மூடிக்கொண்டார். கைகளை ஊன்றி, கட்டில் இருந்த அறையை நோக்கித் தவழ ஆரம்பித்தார். கனத்த உடம்பு, முழங்கால் தரையில் மோதும்போதெல்லாம் சத்தம் கேட்டது. நிலைப்படியில் தோள் இடித்தது, கண்ணைத் திறக்கவில்லை. அறையின் நடுவுக்கு வந்ததும் விரல் முட்டியால் தரையைத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு முகம் வெளியே வந்தது. முதலில் அவருடைய விரல்களை முகர்ந்தது. கை வழியாக மேலே ஏறி, தோளை அடைந்து, பாதத்தை அவர் தொண்டையில் வைத்தது. அங்கே ஒன்றும் அதிரவில்லை. துரை காத்திருந்தது. நாங்களும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். பிறகு அது பாதத்தை எடுத்துவிட்டுத் தன் நெற்றியை அந்த இடத்தில் வைத்து அழுத்தியது. அதன் தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் கிளம்பியது. கூடத்தில் நின்ற எனக்கே கேட்டது. அவருக்கு வராத குரலை அது கொடுத்துக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது. அத்தானின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

அந்த அம்மா பெட்டியின் கதவைச் சாத்தினார்.

"கொண்டுபோகத்தான் வந்தேன்" என்றார் அக்காவிடம். "எத்தனையோ வருஷமா இந்த வேலையில இருக்கேன். இதை நான் பார்த்ததில்ல." குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளரைக் காலி செய்து வைத்தார். போகும்போது, "இனிமே சோதனைக்கு வர மாட்டேன். ஆனா வருவேன்" என்றார்.

அன்று மாலையே துரை சாப்பிட்டது. அத்தான் அதற்குப் பிறகு செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். போகிற இடமெல்லாம் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். குரல் திரும்பி வந்தபோது கொஞ்சம் தணிந்தே வந்தது. பேச்சின் அளவு மட்டும் குறையவில்லை. அக்கா இன்னும் பழைய கிரேனில்தான் இருக்கிறாள். அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால், இவர்கள் எதற்குப் பரிதாபப்படுகிறார்கள் என்று புரியாதவளைப்போல் பார்ப்பாள்.

போன வாரம் நான் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துரை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கீழே தகரக் கூரையில் ஒரு சத்தம், குழாயில் ஒரு சத்தம், தொட்டிச் செடியின் இலையில் வேறொன்று, நிறுத்தியிருந்த கார்களின் மேல் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் காது தனித்தனியாகத் திரும்பியது. தலை மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, தெரு முழுவதையும் பார்ப்பதுபோல நகர்ந்தது. நான் பல வருடமாகப் பார்த்த தெருதான். அதில் இத்தனை இருப்பது எனக்குத் தெரியாது. அத்தான்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று அக்கா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.