நாலு உச்சியும் ஒரு தூதும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் மூன்று கிழமையாக ஒருவரோடொருவர் கதைக்காமல் இருந்தார்கள். அம்மாவுக்கு லண்டனில் இருக்கும் பெரியம்மாவிடம் போய்விட வேண்டும். அப்பாவுக்கோ, தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவையும், இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோ நகரையும் விட்டு அசைய மனமில்லை. அங்கே ஒரேத்தோத் தெருவில் எங்கள் இரண்டறை வீட்டில் பேசாமல் இருப்பது சுலபமில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதைக்கூட மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மகள் நான்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் ஊரே இறைச்சி சுடப் பூங்காவுக்குப் போனபோது, எங்களைக் காரில் ஏற்றி மடோனி மலைக்குக் கொண்டுபோனார். ஒரே முகட்டில் நாலு உச்சிகளாம். சும்மா நடைதானாம்.

பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். முன்னே சித்தப்பா, பிறகு அப்பா, வெகு தூரம் பின்னே அம்மா.

"பிள்ளை, தண்ணிப் போத்தல் எங்கை எண்டு அப்பாட்டைக் கேள்."

ஓடினேன்.

"சித்தப்பான்ர பையிலை எண்டு சொல்லு."

திரும்ப ஓடினேன். இரண்டாம் உச்சியில் அம்மாவுக்குச் சப்பாத்து கடித்தது. பிளாஸ்டர் இருந்தது அப்பாவிடம். அவர்கள் ஒருமுறை நடந்த மலையை நான் மூன்றுமுறை நடந்தேன். ஒவ்வொரு உச்சியிலும் சித்தப்பா "இனி இறக்கந்தான்" என்பார். அடுத்தது எழுந்து நிற்கும்.

மூன்றாவதைத் தாண்டியதும் காற்று காதைப் பிய்த்தது. பாறையிடுக்கில் இன்னும் பனி கிடந்தது. அம்மா மறுபடி ஏதோ சொல்லிவிட வாயெடுத்தார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பஸ்தா! போதும்! நான் போகமாட்டன். நீங்களே கதையுங்கோ!"

கத்தியதோடு அழுகையும் வந்துவிட்டது. அப்பா திரும்பி வந்தார். அம்மாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா, நாலாம் உச்சியிலிருந்து உற்சாகமாகக் கையாட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தார்.

"உங்கட தம்பிக்கு விசர்."

"ஓம்," என்றார் அப்பா. "முழு விசர்."

இறங்கும்வரை இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். திட்டு ஓய்ந்த இடத்தில் லண்டன் பேச்சு வந்தது. என் பள்ளிக்கூடம் வந்தது. அம்மாவின் பை அப்பாவின் தோளுக்குப் போனது. சித்தப்பா எங்களுக்கு நன்றாக முன்னே, சீட்டியடித்தபடி நடந்தார். இவ்வளவு திட்டு வாங்கியும் வெட்கமில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த கோடையில் நாங்கள் மூவரும் லண்டனுக்குப் போனோம். விமான நிலையத்தில் சித்தப்பா பெட்டிகளைத் தூக்கித் தந்துவிட்டு, சிரித்துக் கையசைத்து, தனியாகப் பஸ் ஏறினார். கொஞ்சமும் கவலைப்படாத மனுசன் என்று அதற்கும் கோபப்பட்டேன். அவர்கள் இருவரும் கதைக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொண்டுதான் அவர் எங்களை மலையேற்றியிருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.