தபால் பெட்டி நிறையக் கடி ஜோக்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. என் நண்பனுக்கும் இல்லை. அது போதாதென்று அவனுக்குக் காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது சுத்தமாகக் கேட்காது. எங்கள் ஜமாவில் அவன்தான் சீனியர் என்று நான் சொல்வதுண்டு. அவன் காதில் விழாது என்கிற தைரியத்தில் சொல்வதுதான்.

இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி மிஷின், பார்வையில்லாதவர்கள் குறிப்பெடுக்க வைத்துக்கொள்வது. மடியில் வைத்து பிரெய்ல் தட்டலாம். முன்பக்கம் ஒரு பட்டையில் சின்னச் சின்னப் புள்ளிகள் எழும்பி இறங்கி எழுத்தாகும், விரலால் தடவிப் படிக்கலாம். வாயும் உண்டு, வேண்டுமென்றால் படித்துக் காட்டும். இமெயில் போகும், வரும். தமிழ் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால் நாங்கள் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவோம். அதை அமெரிக்காக்காரன் மாதிரி மூக்கால் படிக்கும். 'சோறு துன்னியா' என்பதை அது கேட்கும் அழகுக்கு, துன்றதே வேண்டாமென்று தோன்றிவிடும்.

காது போக ஆரம்பித்த காலத்தில் அவன் கேட்டான், "டேய், கேக்கற வரிக்கும் உன் கொரல்லயே ஜோக்கு சொல்லி அனுப்புடா." நம்மிடம் ஒருத்தன் ஜோக் கேட்டால் விடுவோமா? தினமும் பதிவு செய்து அனுப்பினேன். அவன் காது மந்தமாக ஆக, நான் இன்னும் சத்தமாக, இன்னும் நீளமாகச் சொன்னேன். உறுவையாற்றில் என் வீட்டுப் பக்கத்து ஜனமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டது. ஒருநாள் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'இன்னியோட போச்சுடா. இனிமே எழுதி அனுப்பு.'

அப்புறம் அவனுக்கு எதைச் சொல்லவும் இமெயில்தான். அவன் மனைவிக்கும் அதுதான் வழி. அந்தப் பெண்ணுக்கு பிரெய்ல் தெரியாது. உள்ளங்கையில் எழுதிக் காட்டலாம் என்றால், இவன் எழுத்தின் உருவத்தைப் பார்த்தவனே இல்லை. அதனால் சமையல்கட்டில் நின்றுகொண்டு போனில் தட்டும், கூடத்தில் இவன் மிஷின் வாங்கிக்கொள்ளும். 'டீ ஆறுது.' 'கேஸ்காரர் வந்துட்டுப் போனாரு.' இவன் வாயால் பதில் சொல்வான். தன் சத்தம் தனக்கே கேட்காததால் தெருவுக்கே சொல்வான்.

போன மாசம் அந்தப் பெண் எனக்கு போன் பண்ணியது.

"அண்ணே, நீங்களாவது அவர கேளுங்க. எங்கம்மா செத்ததுக்கு அவரு வர்ல."

எனக்கு அம்மா தவறியதே அப்போதுதான் தெரியும். "மெயில் போட்டியாம்மா?"

"போடாம? கரியமாணிக்கத்துல எங்கம்மா வூட்ல இருந்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டேன். பக்கத்து வூட்டு அக்காவ ஆட்டோ வச்சி இட்டாரச் சொன்னேன். அந்தக்கா கையப் புடிச்சா ஒதறிட்டாராம். காரியமும் முடிஞ்சி வூட்டுக்கு வந்துட்டேன். இன்னி வரிக்கும் ஒரு வார்த்த பேசல. எங்கம்மா இன்னா பாவம் பண்ணாங்க அவருக்கு?"

"எனக்கும் பதிலே வர்லம்மா. என் ஜோக்கு தாங்காம கோச்சிக்கினாரோன்னு இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டு பேருக்குமா பதில் போடவில்லை? போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் வந்து பாகூர் பஸ் பிடித்தேன். கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து என் கைத்தடிக்கு அவன் வீடு மனப்பாடம்.

உள்ளே போய் அவன் தோளில் கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, வாட்ச் பட்டையைத் தடவி, ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"வந்துட்டியாடா தடியா! எழுதாம கொள்ளாம எங்கடா போய்த் தொலஞ்சே?"

நான் வாரம் தவறாமல் எழுதியவன். மிஷினை அவன் மடியிலிருந்து எடுத்துத் தட்டினேன், அவன் பட்டையைத் தடவிப் படித்தான். 'எழுதினேன்டா. உன் பொண்டாட்டியும் எழுதியிருக்கு.'

"பொய் சொல்லாத," என்றான் தெருவுக்குக் கேட்கிற குரலில். "அவளுக்கு என்னிய கண்டா வெறுத்துப் போச்சு. மொத நாளு சண்ட. விடியக்காலம் எழுந்து போயிட்டா. யாரோ வந்து கையப் புடிச்சி இழுக்கறாங்க, எங்கன்னு தெரியாம நான் எப்பிடிடா போவேன்? எங்கனா கொண்டுபோய் வுட்டுடச் சொல்லியிருக்கா போலன்னு நெனச்சேன். தானா திரும்பி வந்தா. எதனா கேட்டா மறுபடியும் போயிடுவாளோன்னு வாயே தொறக்கல."

வாசல்படி பக்கமிருந்து அந்தப் பெண்ணின் குரல். "அண்ணே... இன்னாண்ணே சொல்றாரு இவரு?"

நான் மிஷினின் வாயைத் திறந்துவிட்டேன். காது போனதிலிருந்து பேட்டரி மிச்சம் என்று பேச்சை மட்டும் அவன் மூடி வைத்திருந்தான். இனி அவனுக்கு விரல், எனக்குக் காது. புது மெயில் எடுக்கச் சொன்னேன். மிஷின் போய் மெயில் பெட்டியைத் தொட்டது, வந்திருப்பதை எண்ணியது, 'ட்டூ' என்று ஒரு சத்தம் போட்டது, பழைய பட்டியலுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. இடம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எழுத்திலும் காட்டும்தான், ஆனால் விரல் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும். காது கேட்கிறவனுக்கென்று செய்த எச்சரிக்கை. இவன் தினமும் மெயில் எடுத்துப் பார்த்திருக்கிறான், தினமும் அது கத்தியிருக்கிறது.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடினேன். அமெரிக்காக்காரன் மூக்கால் வரிசையாகப் படித்தான். என் பெயர், குரல் பதிவு. என் பெயர், குரல் பதிவு. கீழே போகப் போக நானேதான். ஒன்றைக்கூட அவன் அழித்திருக்கவில்லை.

'நான்தான்டா அடச்சிக்கினு கெடக்கறேன். அழிக்கணும்' என்று தட்டினேன். வேறு இடத்துக்கு மாற்றி வைக்கலாமென்றால், அந்தப் பழைய மிஷின் ஏற்றுக்கொள்கிற மெமரி கார்டு இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "உன் கொரல் மறந்துடக்கூடாதுன்னு வச்சிருந்தேன்."

'கேக்காத கொரல வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?'

"மறந்தும் போச்சுடா. இப்ப உன் மெயிலப் படிச்சா உள்ள இந்த மிஷின் கொரல்தான் வருது."

அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு மொத்தத்தையும் அழித்தேன். அழிக்கட்டுமா என்று மிஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தியது நான்தான்.

மறுபடியும் மெயில் எடுத்தோம். கொட்டியது. என் கடிதங்களை அவன் தள்ளிக்கொண்டே போனான். மனைவியுடையதில் நின்றான்.

'அம்மா போய்ட்டாங்க. அக்கா ஆட்டோ கொண்டாருவாங்க, கூட வந்துடுங்க.'

சட்டென்று எழுந்து நின்றான். மிஷினை நான் பிடிக்காவிட்டால் தரையில் விழுந்திருக்கும். "ஏ, அத்த போயிட்டாங்களாம்டா! என் சட்டைய எடுக்கச் சொல்லு. எத்தினி மணிக்கி எடுக்கறாங்களாம்?"

அந்தப் பெண் சுவரோடு உட்காரும் சத்தம் கேட்டது. நான் அவனைப் பிடித்து உட்கார வைத்து, விரலைப் பட்டையில் வைத்து, தட்டினேன். என் வாழ்நாளில் எவ்வளவோ மோசமாக எழுதியிருக்கிறேன். இவ்வளவு மோசமாக ஒரு வரி எழுதியதில்லை.

'எடுத்தாச்சுடா. காரியமும் முடிஞ்சிது.'

பிறகு அடுத்த மெயிலுக்குப் போனான். 'எல்லாரும் உங்கள கேக்கறாங்க.' அடுத்தது. 'உங்களுக்காக எடுக்காம வச்சிருக்கோம்.' அடுத்ததை மிஷின் திறக்கிறபோதே அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தது.

"அண்ணே, அது வாணாம். அழிச்சிடுங்கண்ணே. கோவத்துல போட்டது."

மிஷின் வாய்க்கு அவன் விரலைவிட வேகம் அதிகம். அவன் முதல் வார்த்தையில் இருக்கும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. 'கண்ணும் காதும்தான் இல்லன்னு நெனச்சேன். உங்களுக்கு மனசும் இல்ல.'

அழிக்கிற பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியும். இரண்டு மூச்சு நேரம் இருந்தது. கையும் போனது. ஆனால் அது அவனுக்கு வந்த மெயில். இத்தனை நாள் ஒரு வார்த்தை வராதா என்று கிடந்தவனுக்கு வந்த வார்த்தை. அதைப் பிடுங்க நான் யார்?

அவன் கடைசி வரை படித்தான். திரும்ப முதலிலிருந்து ஒருதரம் தடவினான்.

"சரியாத்தான் எழுதியிருக்கா," என்றான். அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாகப் பேசினான். "தப்பே இல்ல."

அந்தப் பெண் தன் வாயிலேயே அடித்துக்கொண்டது. அவனுக்கு அது தெரியவா போகிறது? கையை நீட்டிக் காற்றில் துழாவினான். அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்தது. அவன் விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அத்த கடைசியில என்னிய கேட்டாங்களாடி?"

ஒரு கையை அவனிடம் விட்டுவிட்டு, மற்றக் கையால் அந்தப் பெண் போனில் தட்ட ஆரம்பித்தது. தட்டும், அழிக்கும், மூக்கை உறிஞ்சும், மறுபடியும் தட்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் அந்தப் பதில் எந்த ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு வரவேண்டுமோ. அது வருவதற்குள் நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.