கேட் மூடிக்கீதுப்பா

மெல்போர்னில் எங்கள் தெருமுனையில் ஒரு ரயில் கேட் இருக்கிறது. அதை மூட ஆள் கிடையாது. மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மாறி மாறி எரியும், கட்டை தானாக இறங்கும். கூண்டு இல்லை, பச்சைக்கொடி இல்லை, "யோவ் சைக்கிள், நில்லுய்யா" என்று கத்த ஒரு தொண்டை இல்லை. குனிந்து நுழையவும் யாரும் பார்ப்பதில்லை, சாமி முன்னால் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். வந்த புதிதில் நான் சுற்றுமுற்றும் தேடினேன். "யாரம்மா தேடற?" என்றாள் என் மகள் அமுதா. "மூடினவரு எங்கடி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா கேட்கீப்பர்.

நான் மூணாங்கிளாஸ்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் வீட்டுக் கதையை இன்னொருத்தர் கையில் கொடுத்து எழுத வைக்க மனசு வரவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போலப் பிள்ளைகள் பின்னால் வந்து புடவை மேல் ஸ்வெட்டர் போட்டுத் திரிகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

எண்பதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தாம்பரத்துக்குத் தெற்கே, இரும்புலியூர் பக்கம் கேட்டில் வேலை. வீடு கூப்பிடு தூரம். கேட் மூடினால் அங்கே ஒரு சின்னச் சந்தையே கூடிவிடும். வேர்க்கடலைக்காரன் பஸ் ஜன்னல் ஜன்னலாக ஓடுவான். கோவளத்திலிருந்து மீன் கூடை கட்டி வருகிற சைக்கிள்காரர், "அண்ணா, மீனு நாறிப்பூடும், கொஞ்சம் தூக்கு" என்று கெஞ்சுவார். "நீ நாறிப்பூடுவ, பரவால்லியா?" என்பார் இவர். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கேட்கும். உலை வைத்தபடியே நானும் சிரிப்பேன். கேட்டை இவர் திறக்காமல் ஒரு மந்திரியின் கார்கூட நகராது என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

அமுதாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அவர் பாதி சோற்றில் எழுந்து கேட்டுக்கு ஓட ஆரம்பித்தார். அங்கே வேறு ஆள் டியூட்டியில் இருப்பார். "தோ, மூடிக்கினுதான கீது? போய்ச் சாப்புடு அண்ணா" என்று அனுப்புவார். வந்து உட்கார்வார், மறுபடியும் ஓடுவார். தனியாகப் பேசுவார். லீவு போட வைத்தோம். கோவளம் தர்காவில் மந்திரிக்க வைத்தோம், ஒரு டாக்டரிடமும் காட்டினோம். மாத்திரையை நீட்டினால், "எனக்கு இன்னாடி? பைத்தியமா புட்ச்சிக்கீது?" என்று தட்டிவிடுவார்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாத்திரையைப் பொடியாக்கித் தயிர்ச்சோற்றில் மறைத்தேன். முதல் வாயிலேயே கசப்பு தெரிந்துவிடக்கூடாது என்று கிண்ணத்தின் அடியில் வைத்து, மேலே நல்ல சோற்றைப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனம்! ஒரு மாதமாகியும் குணம் தெரியவில்லை. பாதி மாத்திரை வைத்ததை முழு மாத்திரையாக்கினேன். டாக்டரைக் கேட்கவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அமுதா வகுப்பில் தூங்கி வழிகிறாளாம். ஒரு நாள் காலையில் அவள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வாய் கோணியது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, "வீட்டுல யாராவது மனசுக்கு மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டின் முடிவில் அப்பா கடைசித் தயிர்ச்சோற்றை உருட்டிப் பெண்ணின் உள்ளங்கையில் வைப்பார். கைக்குழந்தையாக இருந்த நாள்முதல் வைக்கிறார். நான் அடியில் வைத்ததெல்லாம் அந்தக் கடைசி உருண்டைக்குத்தான் போயிருக்கிறது.

பஸ்ஸில் வரும்போதே அமுதாவிடம் சொல்லி அழுதேன். "அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள். "சொன்னா இந்த வூட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாருடி" என்றேன். அன்று மத்தியானம் அவர் உருண்டையை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "சோத்துல மருந்து வெச்சியா, சரோஜா?" அப்புறம் அவளைப் பார்த்து, "அத்த நான் உனக்கா ஊட்டினேன்?" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் டீக்கடை பன்தான் சாப்பாடு. நான் வைத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "குடியக் கெடுத்துட்டியேடி" என்று பெண்ணை ஏசினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காதுல இன்னா சொல்லுதுப்பா?" என்று கேட்டாள். தர்கா முதல் டாக்டர் வரைக்கும் காட்டியிருந்தோம். அதை மட்டும் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. "கேட்ட மூடலன்னு சொல்லுது. ஸ்கூல் புள்ளைங்க லைன்ல கீதுன்னு சொல்லுது" என்றார். "வாப்பா, பாத்துட்டு வரலாம்" என்றாள் அவள். கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். "மூடிக்கீதுப்பா, நானும் பாத்தேன்" என்று அவள் சொல்வது எனக்கே கேட்டது. வீட்டுக்கு வந்ததும், உருண்டை கொடுத்த அதே கையை அவளிடம் நீட்டி, "குடு. தெரிஞ்சே சாப்புட்றேன்" என்றார்.

சத்தம் முழுசாகப் போகவில்லை, தணிந்தது. வேறு வேலை கொடுத்தார்கள். சாகும்வரை மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டார். அமுதா காலேஜில் சைக்காலஜி எடுத்தபோது, சேலையூர் நாத்தனார் வந்து, "பைத்தியத்தப் பத்திப் படிக்க காலேஜு வேறயா? அதான் வூட்லயே கீதே" என்றாள். "ஆமாம்மா, அதனாலதான் எம்பொண்ணுக்கு முதல் வருஷப் பாடம் வூட்லயே முடிஞ்சுபோச்சு" என்றேன். காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். போகட்டும். இன்று இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரர்கள் என் மகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமும் முதலில், காதில் என்ன சொல்லுது என்றுதான் கேட்பாளாம், அவர்கள் பாஷையில்.

போன வாரம் ஒரு சாயங்காலம் காய் வாங்கிக்கொண்டு வரும்போது மணி அடித்தது. கட்டை இறங்குகிற வரைக்கும் பார்த்து நின்றேன். அது என் வழக்கம். ரயில் போய், கட்டை மேலே ஏறியும் நான் நகரவில்லை. நாயோடு வந்த ஒரு பெரியவர் "ஆர் யூ ஓகே?" என்றார். "கேட்... க்ளோஸ்..." என்று கையைக் காட்டினேன். தண்டவாளம் தாண்டப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. என் பையை வாங்கிக்கொண்டு, முழங்கையைப் பிடித்துப் பத்திரமாக அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அவ்வளவு அன்பாகச் செய்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "தேங்க்யூ" என்றேன். என் வீடு நான் முதலில் நின்றிருந்த பக்கமே இருந்தது.

திரும்புவதற்குள் மறுபடி மணி அடித்துக் கட்டை இறங்கிவிட்டது. ரயிலுக்கு அப்பால் மகள் வீட்டு விளக்கு பெட்டிக்குப் பெட்டி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எனக்கு வேலையே இல்லாத பக்கத்தில் பையோடு நின்றுகொண்டு வாய்விட்டே சொன்னேன்: "மூடிக்கீதுங்க. நான் பாத்துட்டேன். நீங்க சாப்புடுங்க."