புளிக் குடோனில் நாலு அடுப்பு

காலிக் கட்டடத்துக்கு ஆள் பிடிக்கிற தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக தரகர்களே, பூட்டிக்கிடக்கும் கட்டடம் யாரையும் திட்டுவதில்லை, குடி வந்த மறுநாளிலிருந்துதான் நம் காது புண்ணாகிறது என்பது உங்களுக்கும் தெரியும். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மாம்பழம் கூவி விற்று, வாய் ஒன்றையே முதலாக வைத்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். அந்த வாய் எனக்குச் செய்த உபகாரங்களில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பாய் போட்ட நிபந்தனை

எண்பதுகளின் நடுவில், சிலிண்டர் அடுப்புக்குப் பேர் எழுதிவைத்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கால் கடுக்க வரிசை. அப்போது அதியமான்கோட்டை ரோட்டோரத்தில் ஒரு புளிக் குடோன் பல வருஷமாகச் சும்மா கிடந்தது. அதை நாலாகத் தடுத்து நாலு குடித்தனம் வைக்கலாம், பின்பக்கம் சாண எரிவாயுக் கலன் கட்டி நாலு வீட்டுக்கும் கேஸ் அடுப்பே கொடுக்கலாம் என்று எனக்கு யோசனை. சொந்தமாக வைத்திருந்த பழக்கடையை விற்று, குழியிலும் தடுப்புச் சுவரிலும் போட்டுவிட்டேன்.

குடோன்காரர் புளி வியாபாரம் செய்யும் பாய். ஒரே நிபந்தனைதான் போட்டார். தை பிறக்கும்போது நாலு அடுப்பும் எரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி புளி மூட்டை ஏற்றிவிடுவார். அப்புறம் நான் குழியிலும் சுவரிலும் போட்ட பணம் போனது போனதுதான். “நாலென்ன பாய், ஒரே மாசத்துல ரொப்பிக் காட்டறேன்” என்று அவர் மேசையை ஓங்கித் தட்டினேன். தெறித்த டீயைத் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: “கேஸ் வருதோ வரலியோ மாணிக்கம், நீ பேசற சூட்டுக்கே நாலு அடுப்பு எரியும்.”

கூடைச் சாணி

கலன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிணறு மாதிரி ஒரு குழி, அதில் சாணிக் கரைசல், மேலே கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் தானே மேலே எழும்பும். சாணிக்குப் பக்கத்து ஊர் முனியம்மாவைப் பிடித்தேன். ஆறு மாடு வைத்திருந்தாள். அவள் கூடைக்கு ஒரு விலை சொன்னாள். நான் அதில் பாதி சொல்லி, அதிலும் பாதிக்கு வந்து, “இஷ்டம்னா போடு, இல்லாட்டி தூக்கிட்டுப் போ” என்று கத்தினேன். சரியென்று தலையாட்டிவிட்டுக் கூடையை இறக்கினாள். பேரத்தில் ஜெயித்த மிதப்பில் அன்று இரண்டு ஜிலேபி தின்றேன்.

வாரக்கணக்கில் கொட்டியும் டிரம் அசையவில்லை. குழியை இறைத்துப் பார்த்தால் அடியில் முழங்கால் அளவு செம்மண். நேரே அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஊர் கூடுகிற மாதிரி கத்தினேன். கறந்துகொண்டிருந்தவள் எழுந்திருக்கக்கூட இல்லை. “முழுக்கச் சாணியா வேணும்னு நீங்க கேட்ட வெலையில தெரியலைங்க.”

பற்றாத தீ

அவள் முதலில் சொன்ன விலையையே கொடுத்து மறுபடி நிரப்பினோம். டிரம் எழும்பியது. டிரம் செய்து கொடுத்த வெல்டர் சம்சு, “அண்ணே, மொத டிரம் கேஸ்ல காத்து கலந்திருக்கும், தீ பத்தாது. பூராத்தையும் வெளிய விட்டுருங்க” என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. காசு கொடுத்து வாங்கிய சாணியின் கேஸைக் காற்றில் விட நான் என்ன மடையனா? அவனை விரட்டாத குறை. குடிவர யோசித்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் குடும்பத்தையும், கண்டக்டர் ஒருவரையும், ஒரு தையல்காரரையும் கூப்பிட்டு, சந்தனம் வைத்து, அடுப்பைத் திருகினேன்.

ஒரு தீப்பெட்டி தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. புஸ்ஸென்று காற்று வந்து குச்சியை அணைத்ததுதான் மிச்சம். நான் அடுப்பை ஓர் அறை அறைந்தேன், கைதான் வீங்கியது. எல்லார் முன்னாலும் சம்சு பக்கத்தில் குனிந்து சொன்னான்: “ஒங்க அடுப்பில்லீங்களா அண்ணே, மொத வெலைக்கே ஒத்துக்குமா?”

டீச்சரின் மாமியார்

கேஸை வெளியே விட்டு, மறுபடி சேர்ந்ததும் நீலமாக எரிந்தது. கண்டக்டரும் தையல்காரரும் வந்துவிட்டார்கள். டீச்சரின் மாமியார் மட்டும் சாணி நாற்றம் சோற்றில் ஏறும் என்று பிடிவாதம். ஒரு செம்புப் பாலை அடுப்பில் வைத்து, காய்ச்சி, முகர்ந்து, முதல் டம்ளரை என்னையே குடிக்கச் சொன்னார். குடித்தேன். நான் உயிரோடு நிற்கிறேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புளி ஊறிப் பழுப்பேறியிருந்த சுவரில் விரலைத் தேய்த்து முகர்ந்தார். நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். “கேஸு நாத்தமில்லப்பா. இந்தச் செவுத்த ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா, புளி வாங்காமயே ரசம் வச்சிடலாம். சாமானை எறக்கச் சொல்லு.”

மார்கழிப் பனி

மூன்று குடித்தனம் ஆயிற்று. நாலாவதற்கு வந்தவர்களை எல்லாம் நான் வாடகைப் பேச்சிலேயே விரட்டிக்கொண்டிருந்தபோது மார்கழி பிறந்தது. பனியில் கரைசல் குளிர்ந்து கேஸ் பாதியாகக் குறைந்தது. கண்டக்டர் வீட்டில் டீ கொதித்தால் தையல்காரர் வீட்டில் சோறு நின்றுவிடும். குழம்புக் கரண்டியோடு மூன்று வீட்டுப் பெண்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். தைக்கு எட்டு நாள்தான் பாக்கி. மூன்று வீடும் காலி செய்துவிடும் போலிருந்தது.

சாணி கொட்ட வந்த முனியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, டிரம்மைச் சுத்தி வைக்கப்போர் போட்டு மூடுனா சூடு நிக்குங்க. வைக்கோல் எங்கிட்ட இருக்குது” என்றாள். விலை என்ன என்றேன். நாலாவது வீடு தனக்கு வேண்டும், மாடு பின்பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். வாடகை சொன்னேன். அவள் அதில் பாதி சொன்னாள். “ரோட்டோரத்துல கேஸ் வச்ச வூடு இந்த வெலைக்கு எவன் குடுப்பான்?” என்று எகிறினேன். அவள் கூடையைத் தலையில் தூக்கினாள். “சரிங்க, நாங்க வர்றமுங்க. இனி சாணியும் வராது, வைக்கோலும் வராதுங்க.”

தை முதல் நாள் பாய் வந்தபோது நாலு அடுப்பிலும் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. முனியம்மா வீட்டில் மட்டும் பாதி வாடகை. பாய் என் முகத்தையும் அவள் மாடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாலாவது வீட்டுப் பொங்கலை ருசித்தபடி கேட்டார்: “அந்தம்மாவை என் கடையில பேரம் பேச அனுப்புவியா மாணிக்கம்?”

கட்டடத்தை நிரப்பும் வித்தையை யாராவது என்னிடம் கேட்டால், குரலை உயர்த்தாமல் தோற்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன், அதையும் கொஞ்சம் கத்தித்தான் சொல்கிறேன்.